அம்மா ஏன் திட்டவில்லை

நான் எழுதும் கதைகளில் எப்படியாவது ஒரு ‘மேற்படி’ நுழைந்துவிடும். ‘மேற்படி பெண் தேம்பி அழுதாள்’ என்று எழுதிவிட்டு, மறுநாள் படித்துப் பார்த்து என் தலையில் நானே அடித்துக்கொள்வேன். என்ன செய்வது, பிழைப்பு அப்படி. மண்டபத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு அடித்துக் கொடுப்பது, ஆதார் நகல் எடுப்பது. இத்தனை வருடம் மனு அடித்த கையிடம் காதல் வசனம் கேட்டால், அதுவும் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்றுதான் முடியும்.

ஆனாலும் ஆசை விடவில்லை. பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. அப்படியிருக்கும்போதுதான் ஒரு கல்லூரிப் பெண் தன் ப்ராஜெக்டை ஏஐயிடம் எழுதி வாங்கிக்கொண்டு என்னிடம் பிரிண்ட் எடுக்க வந்தாள். நாற்பது பக்கம், ஒரு பிழை இல்லை.

“இதுக்குக் காசு கட்டணுமாத்தா?” என்று கேட்டேன்.

“ஃப்ரீதான்க்கா. கதையெல்லாங்கூட எழுதும்.”

இலவசம் என்று காதில் விழுந்தால் எனக்குக் கை தானாக நீளும். அன்று மத்தியானமே கடைக் கம்ப்யூட்டரில் மூன்று கருவிகளைத் திறந்து வைத்துக்கொண்டேன். எது நல்லது என்று யாரைக் கேட்பது? மாப்பிள்ளை பார்ப்பதுபோல மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். ‘காலை பதினொரு மணிக்கு மண்டபம் மீன்பிடித் துறைமுகம் எப்படி இருக்கும், நான்கு வரியில் எழுது.’

முதலாவது, பசுமையான மலைகளுக்கு நடுவே துறைமுகத்தைக் கொண்டுபோய் வைத்தது. மண்டபத்தில் மலைக்கு நான் எங்கே போவேன்? இங்கே செல்போன் டவரைவிட உயரமாக ஒன்றும் கிடையாது. நான்காவது வரியில் ‘உழைப்பே உயர்வு தரும் என்பதை இக்காட்சி நமக்கு உணர்த்துகிறது’ என்று வேறு முடித்திருந்தது. அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தேன்.

இரண்டாவதுக்கு மலை இல்லை, ஆனால் நான் எதைக் கொடுத்தாலும் புல்லரித்துப்போகும். சோதித்துப் பார்க்க ஒரு பட்டா மாறுதல் மனுவைத் தூக்கிப் போட்டேன். ‘உங்கள் எழுத்தில் ஆழ்ந்த உணர்வு வெளிப்படுகிறது’ என்றது. அது ஆமாஞ்சாமி. எவ்வளவு கேட்டாலும் அலுக்காது என்பது அதன் ஒரே நல்ல குணம்.

மூன்றாவது கொஞ்சம் கறார். பதினொரு மணிக்குப் படகுகள் மீனை இறக்கிவிட்டிருக்குமா, இல்லை இனிமேல்தான் கரைக்கு வருமா என்று என்னையே திருப்பிக் கேட்டது. தமிழும் பரவாயில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு கேள்வியோடு, இன்றைக்கு உன் வரம்பு முடிந்தது, சாயங்காலம் வா என்று கதவைச் சாத்திவிடும். காசு கட்டினால் திறக்குமாம். கட்டுவேனா நான்? யோசித்து, எண்ணி, நறுக்கென்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

இந்தக் கருவிகளை வைத்து நான் எழுத நினைத்தது என் கதை அல்ல. என் கடை ஒரே அறை. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் போட்டிருப்பவள் அகதிகள் முகாமிலிருந்து வருகிறவள். ஒன்பது வயதில், சண்டைக்குப் பயந்து, அம்மாவோடும் நான்கு வயதுத் தம்பியோடும் படகேறி வந்தவள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். நான் தங்கச்சி என்பேன், அவள் அக்கா என்பாள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவள் தம்பிக்குக் காது கேட்காது. இந்தக் கரைக்கு வந்த வாரத்தில் கண்ட காய்ச்சலில் போனது. பெயிண்ட் அடிக்கிறவன், நல்ல வேலைக்காரன், உதட்டைப் பார்த்தே நாம் பேசுவதைப் பிடித்துக்கொள்வான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தங்கச்சிதான் தனியாக நின்றுவிட்டாள். அவன் முதலில் கரை சேரட்டும் என்று, தனக்கு வந்த இரண்டு வரன்களைத் தள்ளிவிட்டவள். இன்றைக்கும் அவன் ஒன்று கேட்டால் இல்லை என்று அவள் வாயில் வராது. “உனக்குன்னு ஒரு பொழப்பு வேணாமாடி?” என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே மிஷினை மிதிப்பாள்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. அவளுடைய மிஷினும் நின்றது, என் கம்ப்யூட்டரும் அணைந்தது. இரண்டு பேரும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

அவர்களை ஏற்றிவந்த படகுக்காரன், விடிவதற்குச் சற்று முன்னால், இதுதான் இந்தியா, இறங்கி நடங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் அது ஒரு மணல்திட்டு. நாலா பக்கமும் கடல். கையில் இருந்தது ஒரு கேன் தண்ணீர். மண்ணெண்ணெய் வைத்திருந்த கேன். அந்த நாளில் அங்கே வேறு கேனுக்கு வழியில்லை, கழுவிவிட்டு அதிலேயே தண்ணீர் பிடித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெயில் ஏறியதும் அம்மா, தம்பி எழுந்தால் மூடியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று இவளிடம் சொல்லிவிட்டு, படகு ஏதாவது தென்பட்டால் சேலையை வீசிக் காட்ட, திட்டின் மறுகோடிக்குப் போயிருக்கிறாள்.

“தம்பி நித்திரை. எனக்குத் தாகம் தாங்கேல்ல அக்கா. மண்ணெண்ணெய் மணத்தது, அதையும் பாக்காமக் குடிச்சிட்டன். பிறகு அப்பிடியே படுத்திட்டன் போல. எழும்பிப் பாத்தா கேன் வெறுமையாக் கிடக்குது. அம்மா பக்கத்தில இருக்கிறா. தம்பி தண்ணி தண்ணி எண்டு அழுறான்.”

பிறகு பிற்பகலில் இந்தப் பக்கத்து மீனவர்கள் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த வாரமே காய்ச்சலில் தம்பியின் காது போனது.

“அவன்ர காது என்னாலதான் போனது. அவனுக்கு ஒரு மிடறு வைக்காமக் குடிச்சவள் நான்” என்றாள்.

இவ்வளவு காலம் நான் பாசம் என்று நினைத்து எரிச்சல்பட்டதெல்லாம் இதுவா? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கரண்ட் வந்ததும் அவள் எழுந்தாள். “கதையா எழுதுங்கோ அக்கா, எழுதினா எனக்கு கொஞ்சம் இறங்கும். பேர் மட்டும் போடாதீங்கோ. அம்மாக்குத் தெரியக்கூடாது” என்றாள்.

மறுநாளே உட்கார்ந்து, அவள் சொன்னதைச் சொன்னபடி ஆமாஞ்சாமியிடம் அடித்துக் கொடுத்தேன். அவள் பெயர், தம்பி பெயர், முகாமில் எத்தனையாவது வரிசை வீடு, எல்லாம். பத்திரிகைக்கு அனுப்பும்போது பெயரை மாற்றிக்கொண்டால் போயிற்று, இது மிஷின்தானே என்று நினைப்பு.

ஆமாஞ்சாமி எழுதிய கதையின் கடைசியில் தம்பிக்குக் கடலலையின் ஓசை கேட்டுவிட்டது. அக்காளும் தம்பியும் சூரிய அஸ்தமனத்தில் கைகோத்து ஓடினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை மூடிவிட்டு வாத்தியாரிடம் போனேன். வாத்தியார், ‘தன்னலம் பிறருக்குத் தீங்காகும் என்பதை அச்சிறுமி உணர்ந்தாள்’ என்று முடித்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன்னலமாவது மண்ணாங்கட்டியாவது என்று அதையே திட்டி எழுதினேன். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ‘மன்னிப்பே மாண்பு’ என்று வேறொரு நீதியோடு வந்தது. திருந்தாத ஜென்மம்.

இவர்களை நம்பினால் வேலைக்கு ஆகாது என்று நானே எழுதினேன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எழுதி, பதினொரு நாளில் முடித்தேன். எங்கெங்கே ‘மேற்படி’ கிடக்கிறது என்று தேடிப் பொறுக்க மட்டும் ஆமாஞ்சாமியைக் கூப்பிட்டேன். அந்த வேலையை அது நன்றாகவே செய்தது, சும்மா சொல்லக்கூடாது.

முடித்ததும் கறாரிடம் கொடுத்தேன். இந்தத் தடவை எழுதித் தா என்றோ, எப்படி இருக்கிறது என்றோ கேட்கவில்லை. ‘இதில் எந்த இடத்தை உன்னால் நம்ப முடியவில்லை?’ என்று மட்டும் கேட்டேன். ஒரே இடத்தைச் சொன்னது. ‘ஒரு கேன் தண்ணீரை ஒரு சிறுமி ஒரே மூச்சில் குடித்து முடிப்பாளா? அப்படியே குடித்திருந்தாலும், திரும்பிவந்து காலிக் கேனைப் பார்த்த தாய் ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. அதற்குக் காரணம் கதையில் இல்லை.’

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நடந்த சம்பவத்தையே நம்ப முடியவில்லையாம், வந்துவிட்டது பெரிய நாட்டாமை. ஆனால் அன்றைக்கு மனு அடித்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அந்தக் கேள்வி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. கோடையில் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி, ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகும். அப்படி நிறைத்த குடத்தை ஒருதரம் நான் வரப்பில் தடுக்கிச் சிந்திவிட்டேன். அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் துரத்தி வந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வாரத்துக்கு வசவு. வீட்டில் வைத்துச் சிந்திய ஒரு குடத்துக்கே இந்தப் பாடு என்றால், நடுக்கடலில், சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு, இருந்த ஒரே கேன் காலியானதைப் பார்த்த தாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

கறாரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. வரம்பு முடிந்துவிட்டது. காசில்லாமல் வரம்பைக் கூட்ட ஏதாவது குறுக்கு வழி உண்டா என்று செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினேன். அங்கே ஒரு பொத்தான், அதுவாகவே ஆன் ஆகி இருந்தது. என் உரையாடல்களை அவர்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்களாம், சிலதை ஆட்கள் படித்தும் பார்க்கலாமாம். ஆமாஞ்சாமியையும் வாத்தியாரையும் திறந்து பார்த்தால் அங்கேயும் அதே பொத்தான், அதே ஆன். பெயர், வீட்டு வரிசை, எல்லாம் போட்டது அங்கேதானே.

கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், ஆதார் நம்பரை மறைத்த நகலை மட்டும் கொடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்லுகிறவள் நான். ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு, ஒருத்தி என்னை நம்பிச் சொன்னதை முகவரியோடு தூக்கிக் கொடுத்திருக்கிறேன். மூன்றிலும் பொத்தானை அணைத்தேன், உரையாடல்களை அழித்தேன். அழித்தது அழிந்துதான் போயிற்றா என்று யார் கண்டது? அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் பெயரையும் ஊரையும் மாற்றிய பிறகுதான் கொடுக்கிறேன். ஆனால் நடந்தது நடந்துவிட்டது, அவளிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தினாள்.

“அம்மா அதைப் பாப்பாவோ?”

“உங்கம்மா எப்படிடி பாப்பாக. அது எங்கனயோ கிடக்கு.”

“அப்ப பரவாயில்லை. அம்மாக்குத் தெரியாட்டிச் சரி.”

அத்தோடு விட்டிருக்க வேண்டும். உயிர் திரும்பி வந்த வேகத்தில் வாயை அடக்கத் தெரியவில்லை. “ஏன்டி, கேனு காலியாக் கிடந்ததைப் பாத்துட்டு உங்கம்மா ஏன் உன்னைத் திட்டல?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் மாறிப்போனது. “நீங்க கதை எழுதுங்கோ அக்கா. என்ர அம்மாவ விசாரிக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பத்தரை மணிக்கு இரண்டு டீ சொல்லுகிறவள் தனக்கு மட்டும் ஒரு டீ வாங்கிக் குடித்தாள். நான் ஜாடையாகப் பேசிப் பார்த்தேன், இருமிப் பார்த்தேன், “மழை வரும் போலருக்கு” என்று தடுப்பைப் பார்த்துச் சொன்னேன். ம்ஹூம். கதையும் வேண்டாம் கருமாதியும் வேண்டாம், இவள் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. கதையை எடுத்து மேசை டிராயரின் அடியில் போட்டுப் பூட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை அவளுடைய அம்மா கடைக்கு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நடை மட்டும் விறுவிறுப்புக் குறையவில்லை. சட்டை கை இறுக்குகிறது, பிரித்துத் தை என்று மகளிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் ஒரு ரேஷன் கார்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். கார்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனதும் கடையில் நாங்கள் மூன்று பேர்தான்.

தங்கச்சி சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அம்மா, அண்டைக்கு மணல்திட்டில தண்ணி முடிஞ்சு கிடந்ததுக்கு நீங்க ஏன் என்னை ஏசேல்ல?”

கையில் இருந்த காகிதக் கட்டை அப்படியே மேசைமேல் வைத்தேன்.

“எந்தத் தண்ணி?”

“மண்ணெண்ணெய்க் கேன் தண்ணி. நான்தான் குடிச்சு முடிச்சனான்.”

“நீயோ? நீ எங்க முடிச்சனி?” அந்த அம்மாவின் குரல் இறங்கியது. “அதை நான்தானே ஊத்தினன்.”

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் திரும்பி வரேக்க நீ நித்திரை. வாயெல்லாம் மண்ணெண்ணெய் மணம். நானும் ஒரு வாய் குடிச்சுப் பாத்தன், தொண்டை எரிஞ்சது. கேன் சரியாக் கழுவுப்படேல்ல. நீ குடிச்சது ஒரு மிடறோ ரெண்டு மிடறோ, பாதிக்கு மேல கிடந்தது. தம்பி எழும்பினா கேப்பான். கேட்டா குடுக்காம இருக்க எனக்கு மனம் ஏலாது. அதுதான் அவன் எழும்ப முந்தி மணலில ஊத்திட்டன்.”

“ஏன் இவ்வளவு காலம் சொல்லேல்ல?”

“என்னத்தைச் சொல்ல? பிள்ளை தண்ணி தண்ணி எண்டு கத்துது. ஊத்தினவள் நான் எண்டு சொல்லுறதோ? பிறகு காது போச்செண்டு டாக்டர் சொன்னார். அண்டையில இருந்து எனக்கு இதே யோசனைதான். ஒரு வாய் குடுத்திருக்கலாமோ, ஊத்தாம விட்டிருக்கலாமோ எண்டு. படகேறேக்கயே அவனுக்கு மேல் கொதிச்சது. அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தாகத்தோட வச்சிருந்தனே.”

அதற்கு மேல் என்னால் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்க முடியவில்லை. எட்டிப் பார்த்து, “படகேறும்போதே காய்ச்சல் இருந்துச்சாம்மா?” என்று கேட்டேன்.

“ஓம் பிள்ளை, அதுக்கு முதல்நாளே.”

“அப்பறம் தண்ணிக்கும் காதுக்கும் என்னம்மா சம்பந்தம்? காய்ச்சல்ல போன காதுக்கு ரெண்டு பேரும் இத்தனை வருசமா ஆளுக்கொரு பக்கம் உக்காந்து பழியைச் சுமந்தீகளாக்கும்.” கோபமாகத்தான் கேட்டேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

“அப்ப நான் ஊத்தினது பிழை இல்லையோ பிள்ளை?”

தங்கச்சி சட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அம்மாவின் ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை.

“இல்லையம்மா. நீங்க ஊத்தாம விட்டிருந்தா நான் எழும்பி மிச்சத்தையும் குடிச்சு அங்கயே செத்திருப்பன்.”

“விசரி, வாயைக் கழுவு” என்று அம்மா கையை உதறி அவள் தோளில் ஓர் அடி வைத்தார். “என்ன கதை கதைக்கிறாய், மூதேவி. பெத்தவளுக்கு முன்னால சொல்லுற சொல்லோ இது?”

தங்கச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“ஏசுங்கோ அம்மா” என்றாள். “நல்லா ஏசுங்கோ.”